குடியிருப்பைப் பராமரிக்க ஒரு கம்பெனி: 26 மாதம் பார்த்த பொருளாளர் சொல்வது

எங்கள் குடியிருப்பில் 96 வீடுகள், 4 லிஃப்ட், 2 சம்ப், 1 ஜெனரேட்டர். கட்டிடத்துக்கு வயது 14. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனியை அமர்த்தி 26 மாதம் ஆகிறது. நான் சங்கத்தின் பொருளாளர். மாதாமாதம் அவர்களுடைய பில்லில் கையெழுத்துப் போடுகிறவள் என்பதால், "நாங்களும் ஒரு கம்பெனி வைக்கலாமா?" என்று கேட்கிற மற்ற குடியிருப்புக்காரர்கள் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி அலுத்துவிட்டது. ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

மதிப்பெண் மட்டும் போதும் என்பவர்களுக்கு: 5க்கு 3.5. கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பயனில்லை, எங்களுக்கு வந்த மேனேஜர் உங்களுக்கு வரமாட்டார். 26 மாதத்தில் எங்களுக்கே ஐந்து பேர் வந்துவிட்டார்கள்.

கம்பெனிக்கு முன்னால் எங்களுக்கு ஒரு செயலாளர் இருந்தார். ஒன்பது வருடம் தனி ஆளாகச் சமாளித்தவர். சம்பளம் கிடையாது, நன்றி சொன்னவர்களும் குறைவு. எந்த வால்வைத் திறந்தால் எந்த பிளாக்குக்குத் தண்ணீர் போகும், லிஃப்ட் மெக்கானிக்குகளில் யார் வந்தால் வேலை ஒழுங்காக நடக்கும், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. மகள் வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்த அன்று என் கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்தார். 41 சாவிகள். ஒன்றிலும் சீட்டு இல்லை. ஃபயர் பம்ப் அறையின் சாவி எது என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் பூட்டை உடைக்கலாமா வேண்டாமா என்று செயற்குழு விவாதித்துக்கொண்டிருந்தது. நடுவில் எங்காவது தீப்பிடித்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, ஒரு கம்பெனியை வைத்துவிடலாம் என்று தீர்மானித்தோம்.

கணக்குத் தணிக்கையில் 31 வருடம் இருந்தவள் நான். ஒப்பந்தம் கைக்கு வந்தால் முதலில் பணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற பக்கத்துக்குத்தான் போவேன். அவர்கள் தந்த முதல் வரைவில், குடியிருப்பின் மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் தங்கள் கட்டணம் என்று இருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பம்ப்பைப் பழுது பார்த்தால் அவர்களுக்குக் கொஞ்சம், புதுப் பம்ப் வாங்கினால் நிறைய என்று ஆகிவிடும். செலவைக் கட்டுப்படுத்த ஆள் வைத்துவிட்டு, செலவு ஏற ஏறக் கூலியும் ஏறும் என்றால் அவர் எதற்குக் கட்டுப்படுத்துவார்? மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக மாற்றச் சொன்னோம். இரண்டு வாரம் இழுத்தார்கள், அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். இப்போது அது எங்கள் மாத வசூலில் 100க்கு 9 பங்கு. செக்யூரிட்டி, துப்புரவுப் பணியாளர்கள், பிளம்பர், எலக்ட்ரீஷியன் சம்பளமெல்லாம் தனி. வாரம் ஆறு நாள் ஒரு மேனேஜர் உட்கார்ந்திருப்பதற்கும், மேற்பார்வைக்கும், வசூலுக்கும், கணக்கு எழுதுவதற்கும்தான் இந்த 9.

இதில் முதலில் கிடைத்தது ஒரு பட்டியல். இன்றுவரை அவர்கள் செய்த வேலைகளில் அதைத்தான் உசத்தி என்பேன்.

முதல் மாதம் இரண்டு பையன்கள் வந்தார்கள். கையில் டேப், டார்ச், போன். பத்து நாள் கட்டிடத்தைச் சலித்தெடுத்தார்கள். பொதுச் சொத்து என்று சொல்லத்தக்க எல்லாவற்றையும் எழுதினார்கள். மோட்டார், வால்வு, தீயணைப்பு சிலிண்டர், படிக்கட்டு விளக்கு, மொட்டைமாடிக் கதவின் தாழ்ப்பாள் வரைக்கும். 312 வரிகள். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, என்ன மாடல், எந்த வருடம் வாங்கியது, கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று போட்டோவோடு. ஸ்டோர் ரூம் அலமாரிக்குப் பின்னால் ஒரு வடிகால் வால்வு இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரியும். பி பிளாக்கின் தண்ணீர் முழுவதையும் நிறுத்தாமல் பாதியை மட்டும் நிறுத்த அது போதும். கிட்டத்தட்ட 12 வருடமாக நாங்கள் முழு பிளாக்கையும் நிறுத்திக்கொண்டிருந்தோம்.

என் மானமும் அதில் கொஞ்சம் போனது. பழைய இன்டர்காமைக் கழற்றி மூன்று வருடம் ஆகியும் அதன் ஏ.எம்.சி.க்கு, அதாவது பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு, ஆண்டுதோறும் பணம் போய்க்கொண்டிருந்தது. கடைசிக் காசோலையில் இருந்த கையெழுத்து என்னுடையது. 31 வருடத் தணிக்கை அனுபவம்!

அடுத்து, தண்ணீர்க் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கம்பெனி வைத்தது வீண் என்று நினைத்திருந்த பாதிப் பேர் இதற்கப்புறம்தான் வாயை மூடினார்கள்.

எங்களுக்கு மேல்நிலைத் தொட்டி கிடையாது. சம்ப்பிலிருந்து பிரஷர் பம்ப் நேரே வீட்டுக் குழாய்களுக்குத் தண்ணீரைத் தள்ளும். குழாயில் அழுத்தம் இறங்கினால் பம்ப் தானாக ஓடும், ஏறினால் நின்றுவிடும். யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் அது சும்மா இருக்க வேண்டும். எங்கள் பம்ப்போ இராத்திரி இரண்டு மணிக்குக்கூடப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறுமும். பம்ப் அறைக்கு நேர் மேலே இருப்பவர், தான் தூங்கி மாதக்கணக்காகிறது என்றார். வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு துப்பறிவு. யாரோ நடுராத்திரியில் கார் கழுவுகிறார் என்றார் ஒருவர். செக்யூரிட்டிதான் குழாயைத் திறந்து விடுகிறார் என்றார் இன்னொருவர். பம்ப் சர்வீஸ்காரர் வந்து இரண்டு நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, பம்ப்பையே மாற்ற வேண்டும் என்று கொட்டேஷன் தந்துவிட்டுப் போனார்.

அப்போது எங்களிடம் இருந்தவர் மூன்றாவது மேனேஜர். முப்பது வயதுகூட இருக்காது. "மேடம், ஒருநாள் இராத்திரி ஒன்றரை மணிக்கு வர முடியுமா?" என்றார். போனேன், புதுச் செயலாளரும் வந்தார். பம்ப்பிலிருந்து வீடுகளுக்குப் போகும் பிரதான வால்வை அவர் மூடினார். மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிரஷர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம். முள் அசையவில்லை. பம்ப்பும் ஓடவில்லை.

"வால்வை மூடியும் பம்ப் ஓடியிருந்தால் குறை இந்தப் பக்கம், மேடம். ஒருவழி வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் சம்ப்புக்கே திரும்புகிறது என்று அர்த்தம். இப்போது ஓடவில்லையே. தண்ணீர் வீடுகளுக்குள்தான் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது" என்றார்.

மறுநாள் 96 வீட்டுக்கும் ஒரு சின்னச் சீசாவில் சாயத் தண்ணீர் போயிற்று. கழிவறை ஃப்ளஷ் தொட்டியில் ஊற்றுங்கள், அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாதீர்கள், கீழே கிண்ணத்தில் நிறம் இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். 17 வீடுகளில் இறங்கியது. தொட்டியின் அடியில் அடைப்பாக இருக்கும் ரப்பர் வட்டு தேய்ந்து, சத்தமில்லாமல் நாள் முழுக்க ஒழுகியிருக்கிறது. கிண்ணத்தின் ஓரத்தில் கண்ணாடிபோல் மெல்லிசாக வழிந்தால் யார் கண்ணில் படும்? பட்டிருந்தாலும் யார் கவலைப்பட்டிருப்பார்கள்? எங்களுக்கு வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் கிடையாது, பில்லை 96 ஆகப் பிரிக்கிறோம். ஒருவர் வீட்டில் 100 லிட்டர் ஒழுகினால் அவருக்கு வரும் நஷ்டம் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

அப்புறம் வந்ததுதான் உண்மையான வேடிக்கை. ரப்பர் வட்டு யார் செலவு? வீட்டுக்குள் இருக்கும் பொருள், அதனால் வீட்டுக்காரர் செலவு என்றது விதி. விதிப்படி போனால் 17 பேரிடமும் கெஞ்சி முடிக்க 17 மாதம் ஆகும் என்றேன் நான். சங்கமே வாங்கி மாட்டிவிடலாம் என்றதும் குழுவில் கொதித்தார்கள், "அவர்கள் வீட்டு ரப்பருக்கு எங்கள் காசா?" என்று. ஒழுகிய தண்ணீருக்கு இத்தனை நாள் யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டு, வாங்கிவிட்டேன். ஒரே நாளில் 17ம் மாற்றியாயிற்று. இப்போது பம்ப் இராத்திரியில் மூன்று நான்கு தடவைதான் ஓடுகிறது. அடுத்த பில்லில் தண்ணீர்ச் செலவு எட்டில் ஒரு பங்கு குறைந்திருந்தது. புதுப் பம்ப் வாங்கவேயில்லை.

அந்த மேனேஜர் கண்டுபிடித்த இன்னும் இரண்டையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கட்டிடத்தில் இன்றைக்கே போய்ப் பார்க்கலாம் என்பதற்காக. ஒன்று, ஃபயர் பம்ப் பேனலில் சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருக்கிறதா என்பது. எங்களுடையது 'மேனுவல்'. தீயணைப்புக் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும்படி ஜாக்கி பம்ப் என்ற சின்னப் பம்ப் அவ்வப்போது ஓடும். யாராவது ஹோஸ் குழாயைத் திறந்து அழுத்தம் சட்டென்று விழுந்தால் பெரிய பம்ப் தானே எழும். சின்னப் பம்ப்பின் சத்தம் தொந்தரவு என்று என்றைக்கோ யாரோ சுவிட்சைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாவி கிடைக்காமல் அலைந்த அந்த மூன்று வாரமும், அதற்கு முந்தைய எத்தனையோ மாதமும், எங்கள் தீயணைப்பு ஏற்பாடு சுவரில் ஒட்டிய சிவப்புக் குழாய் மட்டும்தான்.

இன்னொன்று ஜெனரேட்டர். வாரம் தவறாமல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். சுமை கொடுக்காமல் சும்மா ஓட்டினால் டீசல் என்ஜின் சரியாகச் சூடாகாது, எரியாத எண்ணெயும் கரியும் புகைக்குழாயில் படியும் என்றார். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 110 என்ற தர விதி, மாதம் ஒருமுறை குறைந்தது 30 நிமிடம், திறனில் 30 சதவீதச் சுமையாவது கொடுத்து ஓட்டச் சொல்கிறதாம். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு லிஃப்டையும் பம்ப்பையும் ஜெனரேட்டரில் ஓட்டுகிறோம். முதல் ஞாயிறு வந்த கரும்புகையைப் பார்த்துத் தீப்பிடித்துவிட்டது என்று நாலு பேர் இறங்கி ஓடி வந்தார்கள்.

லிஃப்ட் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது லிஃப்ட் கம்பெனியின் ராஜ்யம், மேனேஜர் போன் போடுவதோடு சரி. லிஃப்ட் பராமரிப்புக்கு 'முழு ஒப்பந்தம்' என்று பெயர் இருந்தாலும் கம்பிவடமும் எலக்ட்ரானிக் போர்டும் அதில் அடங்குமா என்று கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்.

பாக்கி வசூலில் கம்பெனி நன்றாகவே செய்கிறது. தினமும் லிஃப்டில் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் பாக்கி கேட்பதுபோல் சங்கடம் வேறில்லை. கம்பெனியின் மெசேஜுக்கு முகம் கிடையாது. முன்பெல்லாம் தேதி தாண்டினால் உடனே மாதச் சந்தாவில் கால் பங்கு அபராதம். பலன், பணம் கட்ட வேண்டியவர் பணத்தை விட்டுவிட்டு அபராதத்தைப் பற்றிச் சண்டை போடுவார். பொதுச் சொத்தை மனிதர்கள் பாழாக்கித்தான் தீர்வார்கள் என்ற கருத்தை 1968ல் காரெட் ஹார்டின் என்பவர் ஒரு கட்டுரையில் பிரபலமாக்கினார். அப்படியில்லை, பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துக் காத்துக்கொண்ட காடுகளும் பாசனக் கால்வாய்களும் மீன்பிடி இடங்களும் எத்தனையோ உண்டு என்று எலினார் ஆஸ்ட்ரம் நேரில் ஆராய்ந்து காட்டினார். 2009ல் பொருளாதார நோபல் பெற்றவர், அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண். அப்படி நீடித்த இடங்களில் அவர் கண்ட பொது அம்சங்களில் ஒன்று, தண்டனை சின்னதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது. இதைச் செயற்குழுவில் சொன்னபோது, "மேடம், இது ஃப்ளாட்டு, காடு இல்லை" என்றார் ஒருவர். எங்கள் பொதுக்குழுவுக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். இப்போது முதல் பத்து நாள் வெறும் நினைவூட்டல், பிறகு சிறு தொகை, மூன்றாம் மாதத்திலிருந்து இரட்டிப்பு. 23 வீடாக இருந்த பாக்கி இப்போது 6. விதி எங்களுடையது, அதை ஒருவருக்கும் சலுகை காட்டாமல் அனுப்பியது கம்பெனி. அந்தப் பெருமையை அவர்களுக்குத் தந்துவிட வேண்டும்.

இனி ஒன்றரை மதிப்பெண் எங்கே போனது என்பது.

அரை மதிப்பெண், மேனேஜர்கள் மாறியதில். மேலே சொன்ன அந்த மூன்றாவது மேனேஜர் எங்களிடம் இருந்தது ஏழே மாதம். கட்டிடம் அவர் கைக்குள் வந்த நேரத்தில், எங்களைவிட மூன்று மடங்கு பெரிய குடியிருப்புக்குக் கம்பெனி அவரை மாற்றிவிட்டது. நல்ல ஆளைப் பெரிய வாடிக்கையாளருக்குத்தான் கொடுப்பார்கள். நாங்கள் பயிற்சிக் கூடம். நான்காமவர் இரண்டு மாதம் தாங்கினார். அவர் முகம் எனக்கு இப்போது நினைவில்லை. புது ஒப்பந்தத்தில், எங்கள் ஒப்புதல் இல்லாமல் ஒரு வருடத்துக்குள் மேனேஜரை மாற்றினால் அந்த மாதக் கட்டணத்தில் பாதி கிடையாது என்று எழுதி வாங்கியிருக்கிறோம்.

கால் மதிப்பெண், அவர்களுடைய ஆப்பில். புகார் போட்டால் 48 மணி நேரத்தில் 'முடிந்தது' என்று பச்சை நிறம் காட்டும். விளக்கு இருட்டாகவே இருக்கும், ஆப்பில் பச்சையாக எரியும். மாத அறிக்கையில் 97 சதவீதப் புகார்கள் தீர்ந்தன என்று வரும்போதெல்லாம் மூன்றாம் மாடிப் படிக்கட்டை நினைத்துக்கொள்வேன். ஆறு மாதம் சண்டை போட்டு, புகார் கொடுத்தவர் ஒப்புக்கொண்டால்தான் பச்சை வரும் என்று மாற்றினோம். அடுத்த மாதமே 97 என்பது 71 ஆனது. அந்த 71ஐப் பார்த்துத்தான் எனக்கு நிம்மதி வந்தது.

மிச்சம் முக்கால் மதிப்பெண் கொட்டேஷனில் போனது. லிஃப்ட் முன்கூடங்களுக்குப் பெயின்ட் அடிக்க மூன்று கொட்டேஷன் வைத்தார்கள். மூன்று கம்பெனி, மூன்று முத்திரை, மூன்று விலை. ஆனால் இரண்டில் 'ப்ரைமர்' என்ற சொல் ஒரே மாதிரி தப்பாக எழுதியிருந்தது. தணிக்கைக்காரி கண்ணில் அது படாமல் போகுமா? இரண்டிலும் இருந்த எண்களுக்கு ஐந்து நிமிட இடைவெளியில் போன் செய்தேன். இரண்டுக்கும் ஒரே குரல் பேசியது. இதில் மேனேஜருக்குப் பங்கு இருந்ததா, அவரும் ஏமாந்தாரா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. கம்பெனி மேலிடத்துக்கு எழுதினேன், மன்னிப்புக் கடிதம் வந்தது. இப்போது மூன்றில் ஒரு கொட்டேஷனையாவது சங்கமே நேரில் வாங்கும். உறைகளை மேனேஜரும் இரண்டு வீட்டுக்காரர்களும் இருக்கும்போதுதான் பிரிக்கிறோம். அப்படி வாங்கிய பெயின்ட் வேலை முதலில் சொன்ன விலையில் முக்கால் பங்குக்கு முடிந்தது.

குறைகளைப் பேசிச் சரிசெய்ய முடிந்தது. கம்பெனியால் எந்த நாளும் செய்ய முடியாத ஒன்று உண்டு, அதை மொட்டைமாடி விஷயத்தில்தான் புரிந்துகொண்டேன்.

ஏ பிளாக்கும் பி பிளாக்கும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிவு இடைவெளி விட்டிருப்பார்கள். வெயிலில் கான்கிரீட் விரியும், குளிர்ந்தால் சுருங்கும், அதற்கு இடம் வேண்டும். அந்த இடைவெளியை ரப்பர் மாதிரி வளையும் பொருளால் அடைத்திருப்பார்கள். சில வருடங்களில் அது இறுகி வெடிக்கும். எங்களுடையது வெடித்து எத்தனை நாளோ. மேல்மாடி லிஃப்ட் முன்கூடத்தின் கூரையில் ஓதம் பூத்தது. முதல் மேனேஜர் சுரண்டிப் பெயின்ட் அடித்தார். இரண்டாமவரும் சுரண்டிப் பெயின்ட் அடித்தார். மூன்றாமவர்தான் மாடிக்கு ஏறி, வடிகால் வாயை அடைத்து, பகுதி பகுதியாகத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டுப் பார்க்கலாம் என்றார். மற்ற பகுதிகள் தாங்கின. இடைவெளி ஓரத்தில் தேக்கியபோது 19ஆம் மணி நேரத்தில் கீழே கூரை நனைந்தது. பெயின்டைத் தட்டிப் பார்த்தால் உள்ளே கம்பி துருவேறியிருந்தது. துருப்பிடித்த இரும்பு தன் பழைய பருமனைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் வழி விடாமல் பிளந்துகொள்ளும். பொறியாளர் ஒருவரை வரவழைத்தோம். இப்போது செய்தால் சின்ன வேலை, நான்கைந்து வருடம் போனால் பெரிய வேலை என்று எழுதிக் கொடுத்தார்.

பணம்? அந்த 312 வரிப் பட்டியலிலிருந்து பெரிய பொருட்கள் 19ஐ எடுத்து மேனேஜர் ஒரு கணக்குப் போட்டுத் தந்தார். பத்து வருடம் உழைக்கும் பம்ப் ஐந்து வருடம் ஓடிவிட்டது என்றால் புதுப் பம்ப் விலையில் பாதி இன்றைக்குக் கையில் இருக்க வேண்டும். இப்படி 19க்கும் பார்த்துக் கூட்டினால் இருக்க வேண்டிய சேமிப்பு வரும். எங்களிடம் இருந்தது அதில் 22 சதவீதம். இந்தக் கணக்கைத் தொழிலாகப் போடுகிறவர்கள் 70க்கு மேல் இருந்தால் திடம், 30க்குக் கீழே போனால் பலவீனம் என்பார்கள்.

பொதுக்குழு கூடியது. மேனேஜர் திரையில் படம் போட்டுக் காட்டினார். நன்றாகவே காட்டினார். கீழ்த்தளத்துக்காரர் எழுந்து, "மொட்டைமாடி என் தலைக்கு மேலே ஐந்து மாடி தாண்டி இருக்கிறது. அதற்கு நான் ஏன் தர வேண்டும்?" என்றார். மேல்மாடிக்காரர் விடுவாரா? "சம்ப் சுத்தம் செய்ய நான் தருகிறேனே, அது என்ன என் வீட்டுக்குள்ளா இருக்கிறது?" வாடகைக்கு விட்டிருக்கும் ஒருவர், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று முறை சொன்னார். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரால் என்ன சொல்ல முடியும்? 96 பேரும் அவருக்கு முதலாளி. யாரையும் பார்த்து, "சார், நீங்கள் சொல்வது தப்பு" என்று சொல்ல அவருக்கு வாய் கிடையாது. 100க்கு 9 கொடுத்து அதை வாங்க முடியாது.

நான்தான் எழுந்தேன். எனக்கு மேடைப் பேச்சு வராது, எழுதி வைத்ததைப் படித்தேன். 2021 ஜூன் 24 அதிகாலை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், சர்ஃப்சைட் என்ற ஊரில், 136 வீடுகள் கொண்ட 12 மாடிக் குடியிருப்பின் பெரும்பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். 1981ல் கட்டிய கட்டிடம். நீச்சல்குளத் தளத்தில் தண்ணீர் வடியச் சரிவு இல்லை, நீர்த்தடுப்பு பழுதாகிக் கீழே கான்கிரீட் கெடுகிறது என்று 2018லேயே ஒரு பொறியாளர் அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். வடிவமைப்பிலேயே பலம் குறைவு என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது, அதனால் பழி முழுவதையும் தண்ணீர் மேல் போட முடியாது. ஆனால் சுமார் 1.5 கோடி டாலர் செலவைப் பங்கு போடுவதில் சங்கத்தில் இழுபறி நீண்டு, அந்தத் தளத்தின் வேலை தொடங்கும் முன்பே கட்டிடம் விழுந்துவிட்டது. 2022ல் அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது: மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடிகளில், கட்டுமானம் சார்ந்த பராமரிப்புச் சேமிப்பை வாக்கெடுத்துக்கூட வேண்டாம் என்று சொல்ல முடியாது என்றது அந்தச் சட்டம். "நம்முடையது அப்படி விழும் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கும் 'அடுத்த வருடம்' என்று ஒன்று இருந்தது, அதை மட்டும்தான் சொல்கிறேன்" என்று முடித்து உட்கார்ந்தேன். கை நடுங்கியது.

61 வாக்கு ஆதரவு, 14 எதிர்ப்பு. மற்றவர்கள் வரவேயில்லை. நான்கு தவணையில் சிறப்பு வசூல், அதோடு மாதச் சந்தாவில் 100க்கு 12 பங்கு தனிக் கணக்கில் சேமிப்பு.

உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டால், 30 வீட்டுக்குள் இருந்தால் தேவையில்லை என்பேன். ஒரு நல்ல கணக்காளரும் நம்பிக்கையான எலக்ட்ரீஷியனும் போதும், பட்டியலை நீங்களே ஒரு விடுமுறையில் எழுதிவிடலாம். அதற்கு மேல் என்றால் வையுங்கள். வங்கிக் கையெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பட்டியலும் கணக்கும் போட்டோக்களும் சங்கத்தின் சொத்து, விலகும்போது எல்லாவற்றையும் கடவுச்சொல்லோடு ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒருமுறை அவர்கள் சர்வர் நின்றுபோய் நான்கு நாள் எங்கள் கணக்கையே எங்களால் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதம் 1ஆம் தேதியும் முழுவதையும் என் கணினியில் இறக்கிக்கொள்கிறேன். 41 சாவிக்கும் இப்போது சீட்டு உண்டு, ஆனாலும் ஒரு நகல் கொத்து என் வீட்டில்தான் இருக்கிறது.

ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டித்திருக்கிறோம். செயற்குழுவில் 5 பேர் சரி என்றார்கள், 4 பேர் வேண்டாம் என்றார்கள். மொட்டைமாடி வேலை போன வாரம் முடிந்தது. ஐந்தாவது மேனேஜர் நேற்று வந்து, 'ஏ-பி விரிவு இடைவெளி' என்ற புகாரைப் பச்சையாக்கிவிடலாமா மேடம் என்று கேட்டார். அந்தப் புகாரைப் போட்டவள் நான்தான். ஒரு நல்ல மழை பெய்யட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.